முத்து வணிகர் படித்த படம்

ஒரு சிறு கற்பனை செய்துகொள்ளுங்கள்.

காலம் ஏறக்குறைய கி.பி. 70. இடம் பாண்டிய நாட்டுக் கொற்கைத் துறை. நீங்கள் ஒரு முத்து வணிகர். உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர் மேலைக் கடற்கரைத் துறைமுகத்திலிருந்து வந்த வணிகர். அவர் நூறு வெள்ளிக் காசுகளைத் துணியில் கொட்டி, "உம்முடைய முத்துகளுக்கு இது விலை" என்கிறார். காசுகளில் ஒரு முகமும் சில எழுத்துகளும் உள்ளன. அந்த எழுத்து உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்த முகம் யாருடையது என்றும் தெரியாது. அதை அச்சிட்ட ரோமாபுரியோ பல மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் இருக்கிறது.

காசு நல்ல வெள்ளிதானா? நம்பி முத்தைக் கொடுக்கலாமா?

தவறாகக் கணித்தால் உங்களுக்கு நட்டம் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு! அது எப்படி என்பதையும், படிக்கத் தெரியாத காசை நம் முன்னோர் எவ்வாறு "படித்தனர்" என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கொற்கையும் முத்தும்

இன்று கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. பண்டைக் காலத்தில் அது தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளிவிட்டது. துறைமுகமும் கடலைத் தொடர்ந்து இடம் பெயர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி என்று இந்த வரலாறு நீள்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிரேக்க மொழி பேசிய வணிகர் ஒருவர் "எரித்திரேயக் கடற்பயண நூல்" என்னும் வழிகாட்டியை எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குமரிக்கு அப்பால் "கொல்கி" என்னும் இடத்தில் முத்துக்குளிப்பு நடைபெறுகிறது என்றும், அது பாண்டியருக்கு உரியது என்றும், குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அந்நூல் கூறுகிறது. அந்தக் கொல்கிதான் நம் கொற்கை. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த அறிஞர் கால்டுவெல் இங்கு அகழ்ந்து பார்த்து, 1877-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69-இல் இங்கு அகழாய்வு நடத்தியது.

அதே கிரேக்க நூல் மேலைக் கரையிலிருந்த முசிறி, நெல்கிந்தா என்னும் துறைமுகங்களைப் பற்றியும் பேசுகிறது. நெல்கிந்தா பாண்டியர் ஆட்சியில் இருந்ததாம். அங்கிருந்து ஏற்றுமதியான பொருள்களுள் மிளகுடன் உயர்ந்த முத்துகளும் இருந்தன. சரி, இறக்குமதியான பொருள்களில் முதலில் எதை அந்நூல் குறிப்பிடுகிறது? பெருந்தொகையான நாணயத்தை!

ரோமானிய அறிஞர் பிளினிக்கு இது பிடிக்கவில்லை. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம் பேரரசிலிருந்து இழுத்துக்கொள்கிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியஸ். தெனாரியஸ் என்பதுதான் ரோமானிய வெள்ளிக் காசு. அப்படியானால் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்பது ஒன்றே கால் கோடி தெனாரியஸ். அத்தனையும் வெள்ளியாகவே வந்திருந்தால் அதன் எடை ஏறக்குறைய 48 டன்! இதில் ஒரு பகுதி தங்கமாகவும் சரக்காகவும் வந்திருக்கும். பிளினி மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆயினும் ரோமானியக் காசு இங்கு ஏராளமாக வந்தது என்பதில் ஐயமில்லை. நம் மண்ணே அதற்குச் சான்று.

மண் காட்டிய புதையல்கள்

கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842-இல் ஒரு பானை கிடைத்தது. அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. கரூரிலும், கொங்கு நாட்டின் பிற ஊர்களிலும் இத்தகைய புதையல்கள் பல முறை வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கரையையும் கீழைக் கரையையும் இணைத்த பெருவழி இப்பகுதியில் சென்றது என்பதை நினைவிற் கொள்க.

தெனாரியஸ் எவ்வளவு பெரியது? 2011-இல் வெளியான வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். அதன் எடை 3.79 கிராம். பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸின் எடையும் ஏறக்குறைய அதுவே! ஆனால் வெள்ளி, எஃகைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே தெனாரியஸ் ரூபாயைவிடக் குறுக்களவில் சிறியது. சுமார் 18 அல்லது 19 மில்லிமீட்டர். அகஸ்டஸின் படைவீரன் ஒருவனுக்கு ஓராண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். அப்படிப் பார்த்தால், வெள்ளலூர்ப் பானையில் இருந்தது ஒரு வீரனின் இரண்டாண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை.

இக்காசுகளை எந்திரம் அச்சிடவில்லை. கடினமான உலோகக் கட்டை ஒன்றில் படத்தைப் பள்ளமாகவும், இடவலம் மாற்றியும் செதுக்குவார்கள். இதுவே அச்சு. ஓர் அச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் வெள்ளி வில்லையை வைப்பார்கள். அதன்மேல் இரண்டாவது அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி! வில்லையின் இருபுறமும் படம் புடைத்து எழும். கை சற்று நகர்ந்தால் படம் ஓரத்துக்குப் போய்விடும். அதனால்தான் பண்டைக் காசுகளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பது அரிது.

இரண்டே படங்கள்

இங்குதான் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ரோமானியர்கள் தெனாரியஸில் நூற்றுக்கணக்கான படங்களைப் பொறித்திருக்கிறார்கள். தெய்வங்கள், யானை, முதலை, கப்பல், கோயில் என்று அவை பலவகை. ஆனால் இந்தியாவில் கிடைத்த தெனாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டே வகையைச் சேர்ந்தவை.

முதல் வகை, அகஸ்டஸ் வெளியிட்டது. முன்புறம் வாகை மாலை சூடிய அவர் தலை. பின்புறம் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கேடயத்தைத் தரையில் ஊன்றிக் கை வைத்திருக்கிறார்கள். பின்னால் ஈட்டிகள் தெரிகின்றன. மேலே பூசாரிகள் பயன்படுத்தும் ஒரு கரண்டியும் வளைந்த கோலும் உள்ளன. இந்த இளைஞர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்களான காயஸ், லூசியஸ். அகஸ்டஸ் இவர்களைத் தம் மக்களாகவே தத்தெடுத்து, தமக்குப்பின் ஆளப்போகிறவர்கள் என்று உலகுக்கு அறிவிக்க இந்தக் காசை வெளியிட்டார். கி.மு. 2-இல் தொடங்கி, இன்றைய பிரான்ஸ் நாட்டிலுள்ள லியோன் நகரில் இது அச்சிடப்பட்டது.

அந்தோ! லூசியஸ் கி.பி. 2-இலும், காயஸ் கி.பி. 4-இலும் இறந்துவிட்டனர். இருவரும் அரியணை ஏறவே இல்லை. ஆனால் அவர்கள் உருவம் பொறித்த காசு மட்டும் கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டில் கைமாறிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் வகை, அகஸ்டஸுக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் வெளியிட்டது. முன்புறம் அவர் தலை. பின்புறம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மரக்கிளையும் ஏந்தியிருக்கிறாள். அமைதித் தெய்வத்தின் வடிவில் காட்டப்பட்ட அரசரின் தாய் லிவியா அவள் என்பது பலர் கருத்து. சுற்றிலும் "தலைமைப் பூசாரி" என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள். பைபிளில், "இதில் இருப்பது யாருடைய உருவம்?" என்ற கேள்விக்கு உள்ளான வரிக்காசு இதுவே என்றும் பலர் கருதுகின்றனர்.

டைபீரியஸ் தம் ஆட்சிக்காலம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே படத்தையே திரும்பத் திரும்பப் பொறித்தார். இதனால் வெளிநாட்டு வணிகனுக்கு என்ன நன்மை? இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த காசையும் அவன் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம் அல்லவா?

அரசன் வியந்த எடை

கிளாடியஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 41-க்கும் 54-க்கும் இடையில் நடந்ததாகப் பிளினி ஒரு செய்தி கூறுகிறார். செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்த ஆனியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றபோது, காற்று அடித்துக்கொண்டு போய் இலங்கையில் சேர்த்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் நம் முத்துக்கரைக்கு எதிர்க்கரை அல்லவா இலங்கை? அந்நாட்டு அரசன் அவரை ஆறு மாதம் விருந்தினராக வைத்திருந்தான். அவரிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்த அரசனுக்குப் பெருவியப்பு. காசுகளில் உள்ள முகங்கள் வேறு வேறு. ஆகவே அவற்றை வெளியிட்டவர்கள் வேறு வேறு அரசர்கள். ஆனால் எடை மட்டும் ஒன்றே! ஆள் மாறினாலும் அளவு மாறாத நாட்டின் நேர்மையை மெச்சி, அரசன் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினானாம்.

ஒரு நாட்டின் நாணயம் என்பது அந்நாடு தரும் வாக்குறுதி. "நாணயம்" என்ற சொல்லுக்கு நம் மொழியில் காசு, நேர்மை என்று இரு பொருளும் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

நீரோ செய்த மாற்றம்

ஆனால் அந்த வாக்குறுதி நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 64-இல் ரோம் நகரில் பெருந்தீ பரவியது. அதே ஆண்டில் பேரரசர் நீரோ நாணயச் சீர்திருத்தம் ஒன்றைச் செய்தார். சீர்திருத்தம் என்று பெயர், நடந்தது குறைப்பு!

அதுவரை ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசுகள் அடித்தனர். நீரோ அதை 96 ஆக்கினார். ரோமானியப் பவுண்டு சுமார் 327 கிராம் என்று கொண்டால், ஒரு காசின் எடை 3.89 கிராமிலிருந்து 3.41 கிராமாகக் குறைந்தது. அத்துடன் வெள்ளியில் செம்பையும் கலந்தார். முன்பு காசு ஏறக்குறைய தூய வெள்ளி. இப்போது நூற்றுக்கு 80 பங்கே வெள்ளி.

கணக்கிட்டுப் பார்ப்போமா? பழைய காசு ஒன்றில் ஏறக்குறைய 3.8 கிராம் வெள்ளி. புதிய காசில் 3.41 கிராமில் 80 விழுக்காடு, அதாவது 2.73 கிராம். நூறு பழைய காசுகளில் 380 கிராம் வெள்ளி. நூறு புதிய காசுகளில் 273 கிராம். வேறுபாடு 107 கிராம். இது இருபத்தெட்டுப் பழைய காசுகளுக்குச் சமம்! ரோமாபுரிக் கடைத்தெருவில் பழையதும் புதியதும் ஒரு தெனாரியஸ்தான். அங்கே அரசனின் ஆணை செல்லும். கொற்கையில் அந்த ஆணை செல்லாது. இங்கே காசு என்பது வெள்ளிதான், வேறொன்றுமில்லை.

சோதனைகள் ஏன் போதவில்லை?

"வணிகர் சோதித்துப் பார்த்திருக்கலாமே!" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி.

முதற் சோதனை, தராசு. அது எடையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. மேலும், பழைய காசு பல கைகளில் தேய்ந்து எடை குறைந்திருக்கும். தேய்ந்த நல்ல காசும், தேயாத மட்டமான காசும் தட்டில் சமமாகவே நிற்கக் கூடும்.

இரண்டாவது, உரைகல். காசைக் கல்லில் உரசி, கோட்டின் நிறத்தைப் பார்ப்பது. ஆனால் உரைகல் காசின் மேற்பரப்பை மட்டுமே அறியும். இங்குதான் ஓர் இரசாயனத் தந்திரம் இருக்கிறது. வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையைச் சூடாக்கினால், மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து கறுத்துப் போகும். பின் அதைப் புளிப்பான நீரில் இட்டால், அமிலம் அந்தச் செம்பு ஆக்சைடைக் கரைத்துவிடும். வெள்ளி கரையாது. வில்லையின் மேல் தூய வெள்ளியாலான மெல்லிய தோல் ஒன்று உண்டாகும். உள்ளே கலப்பு, வெளியே பளபளப்பு! உங்கள் வீட்டில் கறுத்த செம்புப் பாத்திரத்தைப் புளியால் துலக்குகிறார்களே, அதுவும் இதே வேதியியல்தான்.

இந்தத் தோல் நம் காலத்து அறிஞர்களையும் ஏமாற்றிவிட்டது! நீரோவின் காசில் வெள்ளி 93 விழுக்காடு என்று நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. மேற்பரப்பையே அளந்ததன் விளைவு இது. பிரிட்டனைச் சேர்ந்த கெவின் புட்சர், மாத்யூ பான்டிங் என்னும் ஆய்வாளர்கள் காசின் விளிம்பில் நுண்ணிய துளையிட்டு, உள்ளிருந்து எடுத்த துகளை ஆராய்ந்தனர். அப்போதுதான் 80 விழுக்காடு என்ற உண்மை வெளிப்பட்டது.

மூன்றாவது, ஆர்க்கிமிடிஸ் காட்டிய வழி. தூய வெள்ளியின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். எண்பதுக்கு இருபது கலவையின் அடர்த்தி சுமார் 10.14 கிராம். 3.4 கிராம் தூய வெள்ளியின் கன அளவு 0.324 கன சென்டிமீட்டர். அதே எடையுள்ள கலவையின் கன அளவு 0.335. வேறுபாடு 0.011. ஒரு சொட்டு நீரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே! கடற்கரை வணிகர் இதை எதைக் கொண்டு அளப்பார்?

படமே சான்றிதழ்

எஞ்சியிருக்கும் வழி ஒன்றே: படம்.

கேடயம் ஏந்திய இரு இளைஞரா? நல்ல வெள்ளி. அமர்ந்திருக்கும் பெண்ணா? நல்ல வெள்ளி. பழக்கமில்லாத புதுப் படமா? எச்சரிக்கை! இப்படி இலத்தீனில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமலே காசின் காலத்தையும் தரத்தையும் கண்ணால் அறிந்துவிடலாம். இந்தியாவில் இவ்விரு வகைகள் மிகுந்திருப்பதற்கும், நீரோவுக்குப் பிந்திய தெனாரியஸ்கள் அரிதாக இருப்பதற்கும் அறிஞர்கள் கூறும் முக்கியமான விளக்கம் இதுவே. கி.பி. 64-க்கு முன்பே இவற்றில் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிட்டது என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், பழகிய படத்தின்மேல் வைத்த நம்பிக்கையே இதில் முதன்மையானது என்பது தெளிவு.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இந்தியப் புதையல்களில் இவ்விரு படங்களைப் பார்த்து இங்கேயே செய்த போலிக் காசுகளும் கிடைக்கின்றன. செதுக்கியவருக்கு இலத்தீன் தெரியாததால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியுமாக ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் இளைஞர் இருவரும், கேடயங்களும் தவறாமல் இருக்கும்! மக்கள் எதைப் பார்த்துக் காசை வாங்கினார்கள் என்பதைப் போலி செய்தவரே நமக்குக் காட்டிக் கொடுக்கிறார். யாரும் நம்பாத காசுக்கு யாராவது போலி செய்வார்களா?

கடல் கடந்து வந்த படம் நம் கலையையும் தொட்டது. பாண்டியரின் பழங்காசுகளில் அரசன் முகம் கிடையாது. மீன் போன்ற சின்னங்களே இருந்தன. ஆனால் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசு ஒன்றில், ரோமானிய முறையில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு முகமும், அதன்மேல் தமிழ்-பிராமி எழுத்தில் "மாக்கோதை" என்ற பெயரும் உள்ளன. இதைக் கண்டறிந்து விளக்கியவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. பிறர் முகத்தை நம்பிக் காசு வாங்கிய நாட்டில், ஓர் அரசன் தன் முகத்தையும் நம்பும்படி கேட்கிறான்!

இன்று அந்தக் கடற்கரை மாறிவிட்டது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் அங்கேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர்.

உங்களுக்குக் கிடைத்தால்?

வயலில் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ பழங்காசு கிடைத்தால் என்ன செய்வீர்கள்? இதுவரை எத்தனையோ புதையல்கள் உருக்கப்பட்டுக் கொலுசாகவும் வளையலாகவும் மாறிவிட்டன. உருக்கினால் மிஞ்சுவது நான்கு கிராம் வெள்ளி மட்டுமே. படம், காலம், அது வந்த வழி, உடன் கிடந்த பிற காசுகள் சொல்லும் செய்தி ஆகிய அனைத்தும் மறைந்துவிடும்.

ஆகவே காசைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தைக் கலைக்காதீர்கள். ஆசிரியரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கடமை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியக் காசுகள் அப்படி ஒப்படைக்கப்பட்டதால்தான் நமக்குப் பேசிக்கொண்டிருக்கின்றன.

சரி, கொற்கையில் துணியின்மேல் கொட்டிய நூறு காசுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. இப்போது எதைப் பார்த்துப் பொறுக்குவீர்கள்?

செய்து பாருங்கள்

1. ஒரு சோப்புக் கட்டியில் உங்கள் பெயரின் முதலெழுத்தை இடவலம் மாற்றிப் பள்ளமாகச் செதுக்குங்கள். பிசைந்த களிமண் வில்லையை அதன்மேல் அழுத்தி எடுங்கள். எழுத்து நேராகப் புடைத்து எழுகிறதா? இதே அச்சில் பத்து வில்லைகளை அழுத்தி, அவற்றின் வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒருவரிடம் 250 நீரோ தெனாரியஸ் உள்ளது. அதே அளவு வெள்ளிக்கு எத்தனை அகஸ்டஸ் தெனாரியஸ் போதும்? கட்டுரையில் உள்ள எண்களைக் கொண்டு கணக்கிடுங்கள்.